பெட்ரோலும் ஸ்பிரிட்டும் உன் தங்கையும்

சிரஞ்சீவி மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியம் எப்படி என்று கேட்டுத் தொடங்க வேண்டிய இடம் இது. ஆனால் சௌக்கியம் விசாரிக்கிற பழக்கம் உன் அப்பாவுக்கும் உனக்கும் விட்டுப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்று நேரே விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசியில் திருவந்திபுரத்தில் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்தப் போகிறோம், தாய்மாமன் நீ வந்து மடியில் உட்கார்த்திக்கொள்ள வேண்டும் என்று உனக்கு நாலு வரி எழுதினேன். நீ பூனாவிலிருந்து ஆறு பக்கம் பதில் எழுதியிருக்கிறாய். அதில் ஸ்பிரிட் எத்தனை பங்கு, பெட்ரோல் எத்தனை பங்கு, எது எந்தச் சூட்டில் எரியும், எந்த தேசத்தில் எந்த வண்டி எதில் ஓடுகிறது என்று எல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அன்றைக்கு நடந்ததற்கு ஸ்பிரிட் காரணமில்லை என்று அப்பா தன் வாயால் சொன்னால் மறுநாளே ரயில் ஏறுவாயாம்.

அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும், "தப்பு, அது தப்பு" என்றார். முடிந்ததும், "அவன் மொதல்ல ஒத்துக்கட்டும். வரட்டும், வேணாங்கல. ஆனா ஒத்துக்கிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கார் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நான் அந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று எனக்குச் சலித்துவிட்டது, தம்பி. ஆகையால் இந்தத் தடவை நான் பேசுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தவள், உன்னைப்போல் அடுக்கி எழுத வராது. வருகிறபடி எழுதுகிறேன். நீ முழுவதும் படிக்க வேண்டும்.

சண்டை எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டபோது, ஊரில் இருந்த பஸ்ஸுக்கெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அதன் புகையில் ஓட்டினார்கள். அப்பா மட்டும் மாட்டேன் என்று விட்டார். வாடகைக் கார்தான் என்றாலும் அவருக்கு அது ராஜா வீட்டு யானை மாதிரி. அதன் முதுகில் அடுப்பைக் கட்டுவதா என்று, கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலை வைத்து வாரத்தில் பாதி நாள் ஓட்டினார், பாதி நாள் துடைத்துக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. கிடைத்த பெட்ரோலும் பழைய பெட்ரோல் மாதிரி இல்லை. அந்தச் சமயத்தில்தான் நீ சிதம்பரத்தில் கெமிஸ்ட்ரி படித்து முடித்து, கரும்பாலையில் ஸ்பிரிட் வடிக்கிற பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாய். ஆலை லாரிகள் ஸ்பிரிட் கலந்த பெட்ரோலில் ஓடுகின்றன, நம்ம வண்டியும் ஓடும் என்று மேனேஜரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி ஒரு பீப்பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினாய். அன்றைக்கு நீ முகம் மலர நின்றதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். பிள்ளை அப்பாவுக்கு ஏதோ கொண்டுவந்திருக்கிறான் என்று மனசு நிறைந்தது.

"இந்தப் பெட்ரோலுக்கு இஞ்சின் எப்பிடி இடிக்குது பாருங்கப்பா. மேடு ஏறும்போது தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குன மாரி இருக்குது. இதக் கலந்தா அந்தச் சத்தமே இருக்காது. இழுவையும் ஜாஸ்தி" என்றாய்.

அப்பா பீப்பாயின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "சாராயம்டா இது. கோயிலுக்குப் போற ஜனங்க ஏறுற வண்டி. நாளைக்குப் பின்னால நின்னு மோந்துட்டு, டிரைவரு குடிச்சிருக்கான்னு எறங்கிப் போவாங்க."

"குடிக்க முடியாதுப்பா. அதுல மருந்து கலந்திருக்கு, குடிச்சா வாந்திதான் வரும்."

"அப்ப வண்டிக்கு மட்டும் வராதா?"

நான் சிரித்தேன். நீயும்கூடச் சிரித்தாய். அதோடு விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நீ விடவில்லை. கார்புரேட்டரில் எண்ணெய் வருகிற துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கலவையை ஊற்றி, அவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கேப்பர் மலை மேட்டுக்குப் போனாய். முதல் நாள் சுத்த பெட்ரோலில் அதே மேட்டில் வண்டி கடகடவென்று இடித்துக்கொண்டு, கியரை மாற்றி மாற்றித்தான் ஏறியது. உன் கலவையில் ஒரு முனகல்கூட இல்லாமல் மேலே போய் நின்றது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பா இறங்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "காத்து பின்னாலேருந்து அடிக்குது" என்றார். மரத்தில் ஒரு இலை ஆடவில்லை. நல்லா இருக்குடா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என்ன குறைந்துபோயிருப்பார்? அதே மாதிரி, மறு வாரம் கணக்குப் பார்த்தபோது கலவை கூடுதலாகச் செலவாகியிருந்தது. "குடிக்கிறதும் ஜாஸ்தியால்ல இருக்குது" என்று அவர் சொன்னார். ஆமாம்ப்பா, அது உண்மைதான் என்று நீ சொல்லியிருக்கலாம். நீயோ, அவர் கியர் போடுகிற முறை சரியில்லை என்றாய். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து வண்டி ஓட்டுகிற மனுஷனிடம்!

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. சோறு போட்டால் இலைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல், அந்தப் பக்கம் ஸ்பிரிட். வண்டியில் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்களையெல்லாம் அப்பா வழியில் மடக்கி, நேற்று வண்டி எப்படி ஓடியது, இன்றைக்கு எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் நேரம் தவறாமல் கோர்ட்டுக்குப் போனால் போதும் என்றார்கள். அதையும் உங்கள் இருவரில் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

ஐப்பசியில் உன் தங்கை தனத்துக்குச் சிதம்பரத்தில் வளைகாப்பு வைத்தார்கள். வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அவளை நம் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ரயிலில் போய் ரயிலில் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நான் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று உனக்கே தெரியும். "சொந்தக் கார் வச்சிக்கிட்டு ரயில்லயா?" என்றார் அப்பா. அது அவர் பெருமை, போகட்டும். ஆனால் நீ என்ன செய்தாய்? போகும்போது சுத்த பெட்ரோல், வரும்போது கலவை, ஒரே ரோடு, ஒரே பாரம், எது நன்றாக இழுக்கிறது என்று ஒரே நாளில் முடிவு கட்டிவிடலாம் என்றாய். அவரும் சரி என்றார். நீங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அப்போது நீங்கள் சொன்ன 'பாரம்' உன் தங்கை, தம்பி. ஒன்பது மாதச் சுமையோடு இருந்த உன் தங்கை. நான் அன்றைக்குப் போகும்போதே திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி ரயிலேறியிருக்க வேண்டும் என்று யாராவது சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்காக நான் இப்போது மாரில் அடித்துக்கொள்ளப் போவதில்லை.

சம்பந்தி வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மேல வீதியிலிருந்து பூ வந்தது, ஏழு வகைச் சோறு கட்டினார்கள், தனத்தின் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும். கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், வானம் கறுத்துக் கெடக்கு. ரயில் இருக்குது, நானே டிக்கெட் வாங்கியாறேன். அவளுக்குக் காலைலேருந்து இடுப்பு வலிக்குதாம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ அவர் தோளைத் தட்டி, "கவலப்படாதீங்க மச்சான், இன்னைக்கு வண்டி பட்டு மாரி ஓடும்" என்றாய்.

பட்டு மாதிரிதான் ஓடியது, அதை நான் மறுக்கவில்லை. வெள்ளாறு தாண்டுகிற வரைக்கும் அந்தக் கார் அவ்வளவு சத்தமில்லாமல் ஓடி நான் பார்த்ததில்லை. நீ அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பின்சீட்டில் தனம் என் தோளில் சாய்ந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி ஒரு இருமல் இருமியது, இன்னொன்று இருமியது, முந்திரித் தோப்பு ஓரத்தில் நின்றுவிட்டது. இருவரும் இறங்கினீர்கள். நீ தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் டாங்கியைப் பார்க்கப் போனாய்.

"மூடி எங்கப்பா?"

"மூடி போயி மாசக்கணக்காச்சு. துணி வச்சு அடைச்சிருக்கேன்ல?"

"துணியா? இந்த மழைக்குத் துணியா? அது தண்ணிய உறிஞ்சி உள்ளதான விடும்! எத்தினி தடவ சொன்னேன், ஒரு மூடி செஞ்சு போடுங்கன்னு?"

"இத்தினி வருஷமாத் துணிதான்டா. பெட்ரோல்ல ஓட்டுனப்ப ஒரு நாள் நின்னிருக்குதா? தண்ணி எறங்குனா அது பாட்டுக்கு அடியில தனியாக் கெடக்கும். வடிச்சு உட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். உன் சரக்கு தண்ணியக் கண்டாக் கட்டிப் புடிச்சிக்குது. ரெண்டும் சேந்து அடியில எறங்கிக்கிட்டு எஞ்சினுக்குத் தண்ணியத்தான் ஊட்டுது."

"அது ஸ்பிரிட்டோட தப்பு இல்லப்பா, மூடி இல்லாததோட தப்பு."

"மூடி இல்லாம பெட்ரோல் ஓடிச்சே!"

இதை அப்படியே எழுத முடிகிறதே என்று ஆச்சரியப்படாதே. அந்த மழையில் நீங்கள் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் காருக்குள் கேட்டது. தனம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் இரண்டு நொறுங்குகிற அளவுக்குப் பிடித்தாள். "ம்மா, இது இடுப்பு வலி இல்லம்மா" என்றாள். சேலை நனைந்திருந்தது. மழைச்சாரல் என்று நினைத்துக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏங்க!" என்று கத்தினேன். அப்பா பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல், "ஆச்சு, ஆச்சு. அஞ்சு நிமிஷம்" என்றார். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "இரும்மா, இப்பப் பேசாத. இவரு குழாயத் தப்பாக் கழட்டுறாரு" என்றாய். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் ஒரு நாள் உன்னை அப்படிக் கூப்பிடுவாள். அப்போது கையில் என்ன வேலை இருந்தாலும் தலையை வெளியே எடுத்து அவள் முகத்தைப் பார். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. குரலை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நான் மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. தோப்புப் பக்கக் கதவைத் திறந்து அவளை இறக்கித் தாங்கிப் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தேன். மரங்களுக்கு நடுவே ஒரு கூரை வீடு தெரிந்தது. விறகை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை எங்களைப் பார்த்துவிட்டு, கையிலிருந்ததைக் கீழே போட்டு ஓடிவந்தாள். "ஐயோ, புள்ளத்தாச்சிப் பொண்ணா? இப்பிடி வாங்க, குனிஞ்சு வாங்க, கூர இடிக்கும்" என்று மறுபக்கம் தாங்கிக்கொண்டாள். பேர் அஞ்சலை. அந்தத் தோப்பைக் காவல் பார்க்கிறவன் பெண்சாதி. நாங்கள் யார், என்ன ஜாதி, எங்கிருந்து வருகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பாயை உதறிப் போட்டு, வீட்டிலிருந்த ஒரே நல்ல சேலையைக் கிழித்துத் துணியாக்கினாள். ஈர விறகு பற்றாமல் வீடு முழுக்கப் புகை. தனம் இருமவும் முடியாமல் கத்தவும் முடியாமல் என் கையைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, நீ பார்க்கவில்லை.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு வந்தது. எடுத்ததும் அழவில்லை. நீல நிறமாக இருந்தது. அஞ்சலை கொடியை விரலால் விலக்கி எடுத்தாள். நான் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துக் காலைத் தட்டினேன், முதுகைத் தேய்த்தேன், வாயில் விரல்விட்டு வழித்தேன், மறுபடி தேய்த்தேன். தனம் தலையைத் தூக்கி, "ம்மா, என்னாம்மா, ஏம்மா சத்தம் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் ரோட்டிலிருந்து வண்டியைக் கிளப்பக் கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. கர், கர் என்று. நின்றது. மறுபடியும் கர், கர். எனக்கு அந்தக் காரைக் கொளுத்திவிடலாமா என்று இருந்தது. நான் வேண்டாத தெய்வமில்லை. தேவநாதப் பெருமாளே, இதன் முடியை உன் மலையில் இறக்குகிறேன், ஒரு தடவை மூச்சு விடச் சொல் என்று மனசுக்குள் அலறினேன். நாம் இப்போது திருவந்திபுரம் போவது அந்த வேண்டுதலுக்காகத்தான். வீட்டில் யாருக்கும் இதுவரை சொல்லவில்லை.

குழந்தை வீரிட்டது. அதே சமயத்தில் ரோட்டில் வண்டி கிளம்பியது. நீங்கள் இருவரும் ஹாரன் அடித்தீர்கள். பிறகு ஓடிவந்தீர்கள், எங்களைத் தேடிக்கொண்டு. "ஸ்டார்ட் ஆயிடிச்சு! வாங்க, ஏறுங்க!" என்று அப்பா குரல் வாசலில் கேட்டது. அஞ்சலை வெளியே போய், "பொட்டப் புள்ள பொறந்திருக்குது, ஐயா. செத்த இருங்க" என்றாள்.

அப்பாவின் நிழல் வாசலில் அப்படியே ஆடாமல் நின்றது. அழுகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது, "பாத்தியாடா உன் சரக்கு பண்ணுன வேலைய? நான் டின்ல வச்சிருந்த நல்ல பெட்ரோல ஊத்துன பெறகுதான ஓடிச்சு!" என்பது. நீ, "தண்ணிய வடிச்சதால ஓடிச்சு. உங்க துணி பண்ணுன வேல இது" என்றாய். பிரசவ வலி அடங்காத பெண்ணுக்கு ஒரு கதவு தூரத்தில் நின்றுகொண்டு, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்காமல், எதனால் வண்டி ஓடியது என்று சண்டை போட்டீர்கள். தனம் கண்ணை மூடிக்கொண்டு, "ம்மா, அவுங்க ரெண்டு பேரையும் போவச் சொல்லும்மா. அந்தக் காரையும் எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லு. நான் அதுல ஏற மாட்டேன்" என்றாள். அதைத்தான் நான் வெளியே வந்து உங்களிடம் சொன்னேன். நான் கோபத்தில் சொன்னேன் என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். சொன்னது நான், வார்த்தை உன் தங்கையுடையது.

அவள் எழுந்து உட்காருகிற வரைக்கும் அஞ்சலை வீட்டிலேயே இருந்தோம். பிறகு ஆலப்பாக்கம் ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டியில் போய் ரயிலில் கடலூர் வந்தோம். வந்ததும் தனத்துக்கு ஜுரம் கண்டது. பிழைப்பாளா என்று நாங்கள் பயந்த ஜுரம். நீ அந்தச் சமயத்தில்தான் பூனா ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெட்டி கட்டினாய். ஸ்டாண்டில் அப்பா, 'பையன் ஊத்துன சாராயத்தால பொண்ணு சாகக் கெடந்தா' என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார், அது உனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்கத்தான் முடியாது. அவர் அப்படிச் சொன்னது பெரிய அநியாயம். அதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ கிளம்புகிற அன்றைக்கு ஜுரத்தில் கிடந்தவள் பக்கத்தில் வந்து நின்று என்ன சொன்னாய்? "நீயே சொல்லு பாப்பா, வண்டி எதனால நின்னுச்சு?" என்று கேட்டாய். அவரும் கேட்டார், நீயும் கேட்டாய். அவள் உங்களுக்கு மகளும் இல்லை, தங்கையும் இல்லை, சாட்சி.

நீ ஆறு பக்கம் எழுதிக் கேட்கிற கேள்விக்குப் பதில் வேண்டுமானால் நான் சொல்கிறேன். இரண்டிலும் பின்சீட்டில் உட்கார்ந்து போனவள் நான். உன் கலவையில் வண்டி இடிக்காமல் போகிறது, மேடு நன்றாக ஏறுகிறது. குளிர்ந்த காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, கூடுதலாகக் குடிக்கிறது, தண்ணீர் பட்டால் படுத்துவிடுகிறது. பெட்ரோல் நல்லதாகக் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. நல்லதாகக் கிடைப்பதில்லை என்பதுதான் இன்றைய நிலைமை. அப்பா சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி. சரியாக இருந்து என்ன கண்டீர்கள்?

இப்போது நான் எழுதப்போவதை எழுதினால் சோறு தின்ன மாட்டேன் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். பட்டினி கிடக்கட்டும். தனம் கைக்குழந்தையோடு சிதம்பரத்துக்குப் போனவள், போன மாதம்தான் மறுபடி வந்தாள். அவளை அழைத்துவர அப்பா விடியற்காலையிலேயே காரைக் கழுவி, பின்சீட்டில் புது விரிப்புப் போட்டு, சுத்த பெட்ரோலாகப் பார்த்து ஊற்றிக்கொண்டு சிதம்பரம் போனார். அவள் வாசலுக்கு வந்து, "வாங்கப்பா, சாப்பிடுங்க" என்றாள். சாப்பாடு போட்டாள். பிறகு மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் ஸ்டேஷனுக்கு நடந்து போய்விட்டாள். ரயில் முன்னால் வந்துவிட்டது. அவர் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார். வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். "சுத்த பெட்ரோல்தான் ஊத்தினேன்னு சொன்னேன். அப்பவும் ஏற மாட்டேங்கறா" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போய்விட்டது. பாதி இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அப்போதும் அவருக்கு அது பெட்ரோல் விஷயமாகத்தான் பட்டது.

மறுநாள் முதுநகரில் பித்தளை வேலை செய்கிறவனிடம் போய் டாங்கிக்கு ஒரு மூடி செய்து வாங்கி வந்தார். திருகுமரையோடு, உள்ளே தோல் வளையம் வைத்து, நீ எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த மாதிரியே. "என்னாங்க இது?" என்றேன். "மழக்காலம் வருதுல்ல" என்றார். அதற்கடுத்த வாரம் கொட்டகையில் அந்தப் பழைய வாசனை அடித்தது. மூலையில் சாக்கைப் போட்டு மூடி ஒரு பீப்பாய். ஆலையில் உன்னோடு வேலை செய்த பையனைப் பிடித்து வாங்கியிருக்கிறார். "வெயில் நாளைக்கு நல்லாத்தான் இருக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "புள்ளைக்கு எழுதட்டுமா?" என்று கேட்டதற்குத்தான் சோறு தின்ன மாட்டேன் என்றார். நீ கேட்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது, தம்பி. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் வராது. மூடி செய்து போட்டுவிட்டார், அவ்வளவுதான் அவரால் முடியும். அது உனக்குப் போதாது என்றால், நீயும் உன் அப்பாவாகவே ஆகிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். அங்கேயே இருந்து ஆகிக்கொள்.

நேற்று தனத்திடம், உன் அண்ணன் வரவில்லை என்றால் என்ன செய்வது, சித்தப்பா மகனைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். அவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அண்ணன் வந்தா அண்ணன் மடி. வரலன்னா என் மடியிலயே வச்சுக் குத்திடலாம். வேற யாரையும் கூப்பிடாத" என்றாள். பிறகு, "வந்தா, எங்கிட்ட எதுவும் கேக்க வேணாம்னு சொல்லு. அன்னிக்கு வண்டி எதனால நின்னுச்சுன்னு மட்டும் கேக்க வேணாம்" என்றாள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீ இங்கே இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு அப்பா காரோடு வருவார், வராமல் இருக்க மாட்டார். பேசாமல் ஏறி உட்கார். அன்றைக்கு என்ன ஊற்றியிருக்கிறார் என்று மோந்து பார்க்காதே. அவர் சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் வயல் வரப்பைப் பார்த்துக்கொண்டு வா. வீட்டுக்கு வந்ததும் முதலில் தனம் எப்படி இருக்கிறாள் என்று கேள். ஒரு வருஷம் தாமதமான கேள்விதான், பரவாயில்லை, கேள். அவள் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நில்.

இன்னொன்று. உன் கடிதத்தில் குழந்தை, குழந்தை என்றே எழுதியிருக்கிறாய். அவளுக்குப் பேர் வைத்துப் பத்து மாதம் ஆகிவிட்டது. அந்தப் பேர் என்ன என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதில் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதாதே, அவன் வந்து கேட்டால் நானே சொல்கிறேன் என்று உன் தங்கை சொல்லிவிட்டாள்.

அம்மா